முந்திரிக்கொட்டை

பேச முடியாம இல்ல சார்... பேச மாட்டேங்குறா! ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குல்ல? முடியாம இருந்தப்ப நான் ஏதாவது சொன்னேனா? எட்டு மாசம் பொறுத்துக்கிட்டேன். இது அப்படி இல்ல, இது கோவம். அசல் கோவம். இன்னியோட மூணு நாளு. காபி வேணுமான்னு கேட்டா சுவத்தப் பாக்குறா. ஃபேன் போடவான்னு கேட்டா மகளப் பாக்குறா. மக என்னப் பாக்குறா. நான் யாரப் பாக்குறது? அதான் உங்களப் பாத்து உக்காந்திருக்கேன்.

நீங்க செரமப்பட்டு பதில் சொல்ல வேணாம். உங்க மருமக கீழ ஆஸ்பத்திரி சீட்டு போடப் போறப்ப சொல்லிட்டுத்தான் போச்சு. 'மாமாவுக்கு எல்லாம் நல்லாப் புரியும் சார், வார்த்ததான் வரமாட்டேங்குது, ஸ்ட்ரோக் வந்து மூணு வாரந்தான் ஆகுது, கொஞ்சம் பாத்துக்கோங்க'ன்னுச்சு. பாத்துக்கிறதுன்னா என்ன, பேச்சுத் தொணதானே? அதுக்கு இந்த ஆஸ்பத்திரியிலேயே என்ன விட்டா ஆளு ஏது! உள்ள இருக்கறது எங்க வீட்டம்மா. முக்கா மணி நேரம் பேச்சுப் பயிற்சி. அவ வந்ததும் அடுத்தது நீங்கதான். பயப்படாதீங்க, அந்த டீச்சரம்மா தங்கமான பொண்ணு. படம் காட்டும், பேரு சொல்லச் சொல்லும், நாம முழிச்சா அதுபாட்டுக்கு சும்மா உக்காந்திருக்கும். அந்தச் சும்மா உக்கார்ற வித்த மட்டும் எனக்கு இந்த ஜென்மத்துல...

என்ன சார்? 'க'வா? க... கதவ மூடணுமா? காத்து வரலியா? கக்கூஸா? வெக்கப்படாம சொல்லுங்க, நான் கூட்டிட்டுப் போறேன், நாமெல்லாம் ஆம்பளைங்கதானே. அதுவும் இல்லையா? காலு மரத்துப் போச்சா? கன்னத்துல ஏதாச்சும்... அட! கண்ணாடி! உங்க கண்ணாடி மேல உக்காந்திருக்கேன்! அய்யய்யோ... இருங்க இருங்க... நல்லவேள, ஒடையல. கொஞ்சம் வளஞ்சிருக்கு. இப்படி நிமித்தி... ம், போட்டுக்கோங்க. கொஞ்சம் கோணலாத்தான் இருக்கு, ஆனா உங்களுக்கு அதுவும் ஒரு களையாத்தான் இருக்கு.

என் தொழில் அப்படி சார், வாய் சும்மா இருக்காது. லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தி நாலு வருசம். ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னுபோச்சுன்னு வைங்க, உள்ள ஆள் மாட்டிக்கிட்டா, மொதல்ல செய்யவேண்டியது ஸ்பேனர எடுக்கறது இல்ல. பேச்சு குடுக்கணும். கதவுக்கு வெளிய நின்னு, 'உங்க பேரென்னங்க, எந்த வீட்டுக்கு வந்தீங்க, பிள்ளைங்க என்ன படிக்குது'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். நாம நிறுத்தினா உள்ள இருக்கறவங்களுக்கு மூச்சு முட்டும். ஒருதடவ ஒரு அம்மா ரெண்டு மணி நேரம் மாட்டிக்கிட்டாங்க. வெளிய வந்ததும் என்ன சொன்னாங்க தெரியுமா? 'தம்பி, இருட்டுகூட பரவால்ல, உன் பேச்சத்தான் தாங்க முடியல'ன்னாங்க. நான் அதப் பாராட்டா எடுத்துக்கிட்டேன்.

அப்பேர்ப்பட்ட எனக்கு வாச்சது யாரு? எழுத்தாளரு! பன்னெண்டு நாவல் எழுதியிருக்கா சார். சாப்பாட்டு மேசதான் அவ ஆபீஸு. ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பென்சில், அவ்வளவுதான். அவ எழுதறப்ப நான் வாயத் தொறக்கக்கூடாது. நான் தொறப்பேன். அவ நிமிந்து பாக்காமலேயே ஒரு வெரல மட்டும் தூக்குவா. அதுக்கு 'இரு'ன்னு அர்த்தம். முப்பது வருசக் குடித்தனத்துல அந்த வெரலத்தான் நான் அதிகமாப் பாத்திருக்கேன். சரி, மனசுல என்ன வெச்சிருக்காளோன்னு நாவல எடுத்துப் படிச்சா, எல்லாத்துலயும் ஒரு வாயாடி வர்றான்! ஒண்ணுல வக்கீலு. ஒண்ணுல கல்யாணத் தரகரு. ஒண்ணுல கிளி சார்! மனுசனாக்கூட விட்டுவைக்கல!

ம்... அன்னிக்கி என்னாச்சுன்னா... காலைல ஒரு எட்டு மணி இருக்கும். பன்னெண்டாவது நாவல். கடைசி அத்தியாயத்துல இருந்தா. நான் அடுப்படியில பாலு வெச்சுக்கிட்டு இருக்கேன். அங்கேருந்து சொல்றா, 'சாவிய நல்லா கொதிக்க வைங்க'ன்னு. நான் சிரிச்சுட்டேன் சார். கதைக்கு ஏதோ வரி சொல்லிப் பாக்குறா போலன்னு நெனச்சு, 'சக்கர போடவா, சாவிக்கு?'ன்னு கேட்டேன். பென்சில் கீழ விழுந்து உருள்ற சத்தம். போய்ப் பாத்தா வாய் ஒரு பக்கமா எறங்கியிருக்கு. வலது கை மேச மேல கெடக்குது, யாரோ வெச்சுட்டுப் போன கை மாதிரி. அவ அந்தக் கையப் பாக்குறா. அப்புறம் என்னப் பாக்குறா.

டாக்டரு, 'சீக்கிரமா கூட்டிட்டு வந்துட்டீங்க'ன்னுதான் சொன்னாரு. ஆனா நான் சிரிச்சேனே, அந்த அரை நிமிசம்... அத எந்த டாக்டருகிட்ட போய்ச் சொல்றது?

சரி விடுங்க. வீட்டுக்கு வந்தோம். வந்ததும் பாருங்க, ஊரே ஒத்தாசைக்கு வந்துருச்சு! நல்லதுதான், நான் கொற சொல்லல... சொல்றேன், ஆனா கொற இல்ல. என் கொழுந்தியா, அவ தங்கச்சி, பள்ளிக்கூடத்துல தலைமை ஆசிரியையா இருந்தவ. வந்த அன்னிக்கே ஃபிரிட்ஜு மேல டைம்டேபிள் ஒட்டிட்டா. ஏழு மணிக்கு கைப்பயிற்சி. எட்டு மணிக்கு மாத்திர. பத்து மணிக்கு நட. என் பேரும் அதுல இருக்கு: 'பதினொண்ணு முதல் பதினொண்ணரை வரை, அத்தான், மவுனம்'. பீரியடு போட்டு வாய மூடச் சொன்ன வீடு எங்க வீடுதான் சார்.

மக இருக்காளே, அவ சித்திக்கு மேல. ஒரு மாசம் லீவு போட்டுட்டு வந்து, வீடு பூரா சீட்டு எழுதி ஒட்டினா. கதவுல 'கதவு'. ஜன்னல்ல 'ஜன்னல்'. கண்ணாடி, கடிகாரம், நாற்காலி... பாத்துப் பாத்து வார்த்த திரும்ப வரணுமாம். ஒருநாள் நான் சாய்வு நாற்காலியில அசந்து தூங்கிட்டேன். எந்திரிச்சுப் பாத்தா என் சட்டையில 'கணவர்'! அத அப்படியே மறந்து கடைக்கும் போயிட்டு வந்துட்டேன். கடைக்காரரு, 'சந்தேகம் வந்துருச்சாங்க?'ன்னு கேக்குறாரு!

அப்புறம் வியாழக்கிழமக்காரரு ஒருத்தர். பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. இவ வாசகரு. அதுவரைக்கும் வந்த பதினோரு நாவலையும் பஸ்ஸுலயே படிச்சு முடிச்ச ஆளு. பத்திரிகையில சேதி பாத்துட்டு, ஒரு வியாழக்கிழம வந்து கதவத் தட்டினாரு. 'அம்மா எங்களுக்கு எழுதினாங்க, இப்ப நாங்க அம்மாவுக்குப் படிக்கிறோம்'னாரு. அன்னிலேருந்து ஒரு வியாழன்கூட தப்பல. குரலு மட்டும் பழக்கதோஷம். காதல் கட்டம் வரும், 'எறங்கறவங்கல்லாம் முன்னாடி வாங்க'ங்கிற தொனியிலயே படிப்பாரு. இவ சிரிச்சா. ஸ்ட்ரோக் வந்து ஏழு வாரம் கழிச்சு மொதல் சிரிப்பு அதுதான். கோணச் சிரிப்பு. நான் அடுப்படிக்குள்ள போயி... வெங்காயம் நறுக்கினேன்னு வைங்களேன்.

ஆனா ஒண்ணு சார். வந்தவங்க எல்லாம் சோறு கொண்டாந்தாங்க, பூ கொண்டாந்தாங்க, ஆலோசன கொண்டாந்தாங்க. அவ கேட்டது எதுவும் இல்ல. மேசயக் காட்டுவா. நோட்டக் காட்டுவா. அந்தக் கடைசி அத்தியாயத்த முடிக்கணும்! எடது கையில பென்சிலப் பிடிச்சு, ஒவ்வொரு எழுத்தும் ஒரு நெல்லிக்கா அளவுக்கு. ஒரு பக்கத்துக்கு நாலு வார்த்ததான் கொள்ளும். வார்த்த வந்தா எழுதுவா. வரலேன்னா உக்காந்திருப்பா. பக்கத்துல நானோ மகளோ இருக்கணும், நோட்டு நகராம பிடிச்சுக்க.

நோட்டு பிடிக்கறது மட்டுந்தான் என் வேல. அதோட நிறுத்தினேனா?

கத என்னன்னா, பத்து வருசமா பூட்டிக் கெடந்த வீட்டுக்கு ஒருத்தி திரும்பி வர்றா. வாசல்ல நிக்குறா. 'அவள் கதவைத்'... அதுவரைக்கும் எழுதிட்டா. அங்க நின்னுபோச்சு. 'கதவைத்'னு 'த்' போட்டாச்சுல்ல? அப்ப அடுத்த வார்த்த 'த'வுலதான் ஆரம்பிக்கணும்னு எனக்கே தெரியுது! விடுவேனா? 'திறந்தாளா? தட்டினாளா? தள்ளினாளா? தொட்டாளா?' தல ஆடுது, இல்ல இல்லன்னு. 'தாழ் போட்டாளா? வெளிய நின்னு எப்படித் தாழ் போடுவா... தாங்கிப் பிடிச்சாளா?' பென்சிலால முட்டியில ஒண்ணு வெச்சா பாருங்க! எடது கைதானேன்னு நெனச்சேன். நல்லா வலிச்சுது. மக வந்து, 'அப்பா, தண்ணி பிடிச்சுட்டு வாங்க'ன்னு என்னக் கெளப்பி விட்டுட்டா. நான் போயி தண்ணி பிடிச்சேன், மாடிக்குப் போயி துணி எடுத்தேன், மடிச்சும் வெச்சேன். இருபது நிமிசம் கழிச்சு வந்து எட்டிப் பாத்தா, நெல்லிக்கா நெல்லிக்காயா ஒரே ஒரு வார்த்த.

'துடைத்தாள்.'

அவள் கதவைத் துடைத்தாள்.

எனக்கு என்னமோ பண்ணிருச்சு சார். பத்து வருசத் தூசி. தொறக்கல, தட்டல... மொதல்ல தொடைக்கிறா. நான் இன்னும் நூறு வருசம் அங்க நின்னு கத்தினாலும் அந்த வார்த்த என் வாயில வந்திருக்குமா? வந்திருக்காது. அவ உள்ள ஒண்ணும் இருட்டுல ஒக்காந்து அழுதுக்கிட்டு இல்ல சார். தேடிக்கிட்டு இருக்கா. நான்தான் வெளிய நின்னு கதவ ஒடைக்கிறேன். இந்த டீச்சரம்மாவும் மொதல் நாளே சொன்னுச்சு, 'சார், அவங்க வாக்கியத்த நீங்க முடிச்சு வெக்காதீங்க. எவ்வளவு நேரமானாலும் இருங்க'ன்னு. அன்னிக்கி மண்டைய ஆட்டினேன். அந்தத் 'துடைத்தாள்' வந்த அன்னிக்கித்தான் புரிஞ்சுது.

புரிஞ்சுதே, புத்தி வந்துச்சா? அதக் கேளுங்க! நீங்க எங்க கேப்பீங்க... நானே சொல்றேன்.

ரெண்டரப் பக்கம். அஞ்சு மாசம். முடிச்சுட்டா! புஸ்தகமும் வந்துருச்சு. கண்டக்டர் குதிச்சாரு, நூலகத்து மேல்மாடியில கூட்டம் வெக்கணும்னு. வெச்சாங்க. போன ஞாயித்துக்கிழம சாயந்தரம். நூறு பேருக்குக் கொறையாது. அழைப்பிதழ்ல என்ன போடறதுன்னு கேட்டாரு. நான்தான் சொன்னேன், 'எழுத்தாளரின் கடைசி நாவல்னு போடுங்க, உருக்கமா இருக்கும்'னு. இவகிட்ட கேட்டேனான்னு பாக்குறீங்களா? கேக்கல சார். அவ கைய பாத்துக்கிட்டே இருக்கறவன் நான். அஞ்சு மாசம் ரெண்டரப் பக்கம்னா, அடுத்தது எங்கேருந்து வரும்னு நானே ஒரு முடிவுக்கு வந்துட்டேன். வரவேற்புரையும் நான்தான். அதுலயும் 'கடைசி, கடைசி'ன்னு நாலு தடவ. கொழுந்தியா முந்தானையால கண்ணத் தொடைக்குறா. எனக்கு ஒரே பெருமை, நல்லாப் பேசிட்டோம்னு.

கூட்டம் முடியப் போகுது. யாரும் எதிர்பாக்கல, இவ எந்திரிச்சா. மேசயப் பிடிச்சுக்கிட்டு நிக்குறா. 'நா...ன்'னா. தெளிவா! வீட்டுல தனித்தனி வார்த்ததான் சார், ரெண்டு வார்த்த கோத்து வந்ததே இல்ல. அப்புறம் 'இன்...னும்'னா. அங்க நின்னுபோச்சு. நிக்குறா. வாய் அசையுது, சத்தம் வரல. யாரோ நாற்காலிய இழுத்தாங்க. யாரோ இருமினாங்க. நான் மனசுக்குள்ள, லிஃப்ட் ஏறுற மாதிரி, மாடி எண்ணுறேன்... ஒண்ணு... ரெண்டு... மூணு... பொறு, பொறுன்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். கண்டக்டர் முன் வரிசையில கையப் பெசஞ்சுக்கிட்டு இருக்காரு. நூறு பேரு அவளப் பரிதாபமாப் பாக்குறாங்க சார்! என் பொண்டாட்டிய! பன்னெண்டு நாவல் எழுதினவள! எனக்குத் தாங்கல. எந்திரிச்சேன். 'இருக்கிறேன்! நான் இன்னும் இருக்கிறேன்! அதான் சொல்ல வர்றா!'ன்னு கத்திட்டேன்.

ஒரே கைதட்டு. கண்டக்டர் விசில் அடிச்சாரு, பஸ்ஸு கெளம்பற மாதிரி. இவ நின்னுக்கிட்டே இருந்தா. கைதட்டு அடங்கற வரைக்கும். அப்புறம் வாய மூடிக்கிட்டு உக்காந்துட்டா. கண்ணுல தண்ணி. ஆனந்தக் கண்ணீருன்னு நெனச்சேன் சார் நானு. நெனச்சேன்னா என்ன, பக்கத்துல இருந்தவங்ககிட்ட எல்லாம் அப்படித்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தோம். சாப்பிட உக்காந்தோம். ரெண்டு வாய் எடுத்து வெச்சா, தட்டத் தள்ளி வெச்சுட்டு நோட்ட இழுத்தா. எழுதினா. கிழிச்சு என் தட்டுக்குப் பக்கத்துல வெச்சா. மூணு வார்த்த. 'நான் இன்னும் முடிக்கல'.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'சரி சரி, மெதுவா சாப்பிடு, நான் தட்ட எடுக்கல'ன்னேன்.

சிரிக்காதீங்க சார். சரி, சிரிங்க... மகளும் மொதல்ல சிரிச்சா. அப்புறந்தான் அவ மொகம் மாறிச்சு. 'அப்பா... அம்மா சாப்பாட்டச் சொல்லலப்பா. மேடையில சொல்ல வந்தது இதுதான்'ன்னா. கடைசி நாவல், கடைசி நாவல்னு நான் தண்டோரா போட்டேன்ல? அதுக்குப் பதிலு! இன்னிக்கி வந்தப்ப இந்த டீச்சரம்மா வேற சொல்லுது, அந்த மூணு வார்த்தய ரெண்டு மாசமா இதே ரூமுல வெச்சு பழகினாளாம். அழைப்பிதழ் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே! வீட்டுல யாருக்கும் தெரியக்கூடாதுன்னு சொல்லிவெச்சாளாம். குறிப்பா எனக்கு. 'உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு வெச்சிருந்தாங்க சார்'ங்குது.

எனக்கு சார்! எனக்காக!

இருக்கிறாளாம்! அவ இருக்கறது எனக்குத் தெரியாதா? நான் பாத்துப் பாத்து சோறு போடறேனே, இருக்கறது தெரியாதா? அவ அதச் சொல்லவா எந்திரிச்சா? இன்னும் எழுதணும்னு சொல்ல எந்திரிச்சிருக்கா. அத நூறு பேரு முன்னாடி பிடுங்கி, வேற எதையோ திணிச்சு, அதுக்குக் கைதட்டும் வாங்கிக் குடுத்தவன் நானு. மக ஒரே வார்த்ததான் சொன்னா, 'முந்திரிக்கொட்டப்பா நீங்க'ன்னு. ஸ்ட்ரோக் பிடுங்காம விட்டுவெச்ச மூணு வார்த்த சார். அத நான் பிடுங்கிட்டேன். கோவம் வருமா, வராதா? நீங்களே சொல்லுங்க... வேணாம், வேணாம், நீங்க சொல்ல வேணாம். எனக்கே தெரியுது. இந்த மூணு நாளா கொழுந்தியாவத் திட்டினேன், டைம்டேபிள்தான் காரணம்னு. கண்டக்டரத் திட்டினேன், கூட்டம் வெச்சாருன்னு. டீச்சரம்மாவக்கூட, ரகசியமா பழக்குச்சேன்னு... யாரு மேலயும் தப்பில்ல.

மன்னிப்புக் கேக்கலாம்னு தெனம் மூணு வேளையும் போறேன். போனா வாய் நிக்குதா? மன்னிப்புல ஆரம்பிச்சு தண்ணி மோட்டர் ரிப்பேருல போயி முடியுது. அவ அந்தப் பக்கம் திரும்பிக்கிறா.

ஷ்ஷ்... கதவு தொறக்குது. வர்றா சார். அந்தப் பச்சப் பொடவதான். கம்ப ஊனிக்கிட்டு... அந்தக் கால ஊனி வெக்கிறத பாத்தீங்களா, போன மாசம் இழுத்துக்கிட்டுதான் வருவா. என்னப் பாக்கல பாருங்க. சுவத்தப் பாக்குறா. உங்களப் பாக்குறா. உங்க மூக்குக் கண்ணாடியப் பாக்குறா. இப்ப என்னப் பாக்குறா! மறுபடியும் உங்கள... வாய் அசையுது சார். ஏதோ சொல்ல வர்றா. 'பா'ங்குறா. பா... பாத்து வாங்கன்னு... இல்ல. நான் சொல்லல. நான் ஒண்ணும் சொல்லல. வாய மூடிட்டேன்.

...

...

...

கேட்டீங்களா? 'பாவம்... நீங்க'ன்னா! உங்களப் பாத்து! முழுசா! ரெண்டு வார்த்த, கோத்து! முக்கா மணி நேரமா என்கிட்ட மாட்டிக்கிட்டீங்கல்ல, அதச் சொல்றா! அட, நீங்க தலைய வேற ஆட்டுறீங்க, ஆமான்னு! நல்ல கூட்டணி!

டேய், மூணு நாளு கழிச்சு வாயத் தொறந்துட்டாடா... மன்னிச்சுக்கோங்க சார், 'டேய்' உங்களச் சொல்லல, என்ன நானே சொல்லிக்கிட்டேன். சொன்னது உங்ககிட்டயா இருக்கட்டுமே. பேசினது என்னப் பத்திதானே சார்!